கடலுக்காகக் கொடுக்கப்பட்ட நிலம்: சேன் பியேர், மிக்லோன் தீவுகள்

2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் நாடுவாரியான இறக்குமதி வரிப் பட்டியலை வெளியிட்டார். அதில் இருந்ததிலேயே உயர்ந்த விகிதமான 50 சதவீதம் இரண்டே இடங்களுக்கு விதிக்கப்பட்டிருந்தது. ஒன்று ஆப்பிரிக்காவின் லெசோத்தோ. இன்னொன்று ஆறாயிரம் பேர்கூட இல்லாத சேன் பியேர் - மிக்லோன் என்ற பிரெஞ்சுத் தீவுக்கூட்டம். சீனாவையும் வியட்நாமையும் விட அமெரிக்காவுக்கு அதிகத் தீங்கு செய்த இடமாக, கனடாக் கரையோரம் இருக்கும் ஒரு மீனவர் ஊர் அன்று பட்டியலில் நின்றது.

காரணம் மீன்தான். 2024 ஜூலையில் அந்தத் தீவுகளிலிருந்து சுமார் 34 லட்சம் டாலர் மதிப்புள்ள சரக்கு அமெரிக்காவுக்குப் போனது. பெரும்பாலும் ஹாலிபட் என்ற தட்டை மீன். தீவுக்காரர்கள் அமெரிக்காவிடமிருந்து நேரடியாக வாங்குவதோ மிகக் கொஞ்சம். வர்த்தகப் பற்றாக்குறையை இறக்குமதித் தொகையால் வகுத்துப் பாதியாக்கும் கணக்கில் அந்தச் சரக்கைப் போட்டதும் 50 வந்துவிட்டது. பிறகு அது 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

யாரோ எங்கோ போடும் கணக்கில் இந்தத் தீவுகளின் தலையெழுத்து மாறுவது இது முதல் முறை இல்லை. இரண்டரை நூற்றாண்டாக அதுதான் நடந்து வருகிறது. பெரும்பாலும் அந்தக் கணக்கின் நடுவில் மீன் இருந்திருக்கிறது.

இடம்

கனடாவின் கிழக்கு ஓரத்தில் நியூஃபவுண்ட்லாந்து என்ற பெரிய தீவு இருக்கிறது. அதன் தெற்குக் கரையிலிருந்து பியூரின் தீபகற்பம் கடலுக்குள் நீள்கிறது. அங்கிருந்து மேற்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர் போனால் சேன் பியேர். ஃபார்ச்சூன் என்ற கனடிய ஊரில் படகேறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். இறங்கியதும் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைக்க வேண்டும், பையில் யூரோ இருப்பது நல்லது, மின்சாரச் செருகியும் பிரான்ஸில் இருப்பதுபோல இரண்டு உருண்டைக் கம்பி உள்ளது. பாரிஸோ நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்.

மொத்த நிலம் 242 சதுர கிலோமீட்டர். அதில் சேன் பியேர் தீவு வெறும் 26. பாக்கி 216-ம் மிக்லோன் - லாங்லாட். ஆனால் ஆட்கள் இருப்பது நேர்மாறாக. பத்துப் பேரில் ஒன்பது பேர் சின்னத் தீவான சேன் பியேரில், நல்ல துறைமுகத்தைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறார்கள். பெரிய தீவின் வடமுனையில் மிக்லோன் கிராமம், சுமார் 600 பேர். லாங்லாட்டில் கோடைக்கால வீடுகள் மட்டும். சேன் பியேர்க்காரர்கள் வெயில் வந்ததும் படகேறிப் போய்த் தங்குகிற இடம் அது.

மிக்லோனும் லாங்லாட்டும் முன்பு தனித்தனித் தீவுகள். இடையே பன்னிரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஒரு மணல்திட்டு இன்று இரண்டையும் கட்டிப் பிடித்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில்கூட அதன் நடுவே தண்ணீர் ஓடியிருக்கிறது. மூடுபனியில் அந்த நீர்வழி இன்னும் திறந்திருப்பதாக நினைத்து வந்து மணலில் ஏறிய கப்பல்கள் பல. தீவுகளைச் சுற்றி 500-க்கும் மேற்பட்ட கப்பல்கள் உடைந்ததாகப் பதிவு இருக்கிறது. மணல்திட்டின் வடகோடியில் கிரான் பராஷுவா என்ற உப்பங்கழி. அங்கே கடல் சீல்களைக் கூட்டங்கூட்டமாகப் பார்க்கலாம்.

வடக்கிலிருந்து லாப்ரடார் குளிர் நீரோட்டம் இறங்கி வருகிறது, தெற்கிலிருந்து வளைகுடா வெப்ப நீரோட்டம் ஏறி வருகிறது. இரண்டும் இந்தப் பக்கத்தில்தான் சந்திக்கின்றன. அதனால் ஆண்டில் நூறு நாளுக்கு மேல் மூடுபனி, அதுவும் மற்ற இடங்களில் வெயில் கொளுத்தும் ஜூன், ஜூலையில்தான் அதிகம். விமானம் இறங்க முடியாமல் திரும்பிப் போவது அங்கே செய்தியே இல்லை. ஆனால் அதே நீரோட்டச் சந்திப்பும், அருகே ஆழம் குறைந்து மேடிட்டுக் கிடக்கும் கடலடிப் பரப்புகளும் சேர்ந்துதான் ஒரு காலத்தில் உலகிலேயே காட் மீன் மிக அதிகமாகத் திரண்ட இடமாக இதை ஆக்கின.

சேன் பியேர் தெருக்களில் நடப்பவர் கண்ணில் முதலில் படுவது வீட்டு வாசல்கள். ஒவ்வொரு வாசலிலும் சின்ன மர அறை ஒன்று நடைபாதைமேல் துருத்திக்கொண்டிருக்கும். தாம்பூர் என்பார்கள். வெளிக்கதவைத் திறந்து அதற்குள் போய், அதைச் சாத்திவிட்டுத்தான் உள்கதவைத் திறப்பது. பனியும் காற்றும் வீட்டுக்குள் புகாது, ஈரச் செருப்பும் மேலங்கியும் அங்கேயே தங்கிவிடும். நீலம், மஞ்சள், சிவப்பு என்று வீடுகளுக்கு அடர்ந்த வண்ணம் பூசியிருப்பார்கள். வெளுத்த மூடுபனிக்கு நடுவே அது எவ்வளவு தேவை என்பது அங்கே ஒரு ஜூன் மாதத்தைக் கழித்தவர்களுக்குத் தெரியும்.

1763: ஒரு உடன்படிக்கையின் ஆறாவது பிரிவு

1520-ல் போர்த்துக்கீசிய மாலுமி ஃபகுந்தஸ் இந்தத் தீவுகளைக் கண்டார். 1536-ல் ஜாக் கார்த்தியே பிரான்ஸின் பெயரால் வந்து போனார். பிரான்ஸின் கடலோரப் பகுதிகளைச் சேர்ந்த பாஸ்க், பிரெத்தோன், நார்மன் மீனவர்கள் கோடையில் வந்து மீன் பிடித்துக் காயவைத்துவிட்டுப் போனார்கள். 1713-ல் யூட்ரெக்ட் உடன்படிக்கையில் தீவுகள் பிரிட்டனுக்குப் போயின.

திருப்பம் 1763-ல். ஏழாண்டுப் போரில் தோற்ற பிரான்ஸ், பாரிஸ் உடன்படிக்கையில் கனடாவை முழுவதுமாக இழந்தது. அவ்வளவு பெரிய நிலப்பரப்பை விட்டுக்கொடுத்தபோதும் மீன்பிடி உரிமையை மட்டும் பிரான்ஸ் விடவில்லை. அந்த மீனவர்கள் ஒதுங்கவும் மீனைக் காயவைக்கவும் ஓர் இடம் வேண்டுமே. அதற்காகத் திரும்பக் கிடைத்ததுதான் இந்த இரண்டு தீவுகள். ஆறாவது பிரிவு போட்ட நிபந்தனைகளைப் படித்தால் நிலை புரியும்: கோட்டை கட்டக் கூடாது. மீன்பிடிக்குத் தேவையானதைத் தவிர வேறு கட்டடம் கூடாது. காவலுக்கு 50 பேருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது.

கைமாற்றுவதற்கு முன் அளந்து படம் போட்டுக்கொள்ள பிரிட்டன் ஒருவரை அனுப்பியது. பின்னாளில் பசிபிக் பயணங்களால் பெயர் பெற்ற ஜேம்ஸ் குக்தான் அவர். வேலை முடியாததால், வந்து சேர்ந்த பிரெஞ்சு ஆளுநரை ஏதேதோ சாக்குச் சொல்லிக் கப்பலிலேயே காக்க வைத்தார்கள்.

இதே பாரிஸ் உடன்படிக்கையின் இன்னொரு பிரிவுதான், 1761-ல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிய புதுச்சேரியைப் பிரான்ஸுக்குத் திருப்பிக் கொடுத்தது. அங்கேயும் ஒரு கட்டுப்பாடு உண்டு: வங்காளத்தில் கோட்டையோ படையோ வைக்கக் கூடாது. அதற்கப்புறம் நடந்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 1778-ல் அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்ஸ் இறங்கியதும் ஆங்கிலேயர் இரண்டு இடத்தையும் பிடித்தார்கள். 1783-ல் இரண்டும் திரும்பின. 1793-ல் மறுபடி இரண்டும் போயின. நெப்போலியன் வீழ்ந்த பிறகு, 1816-ல், இரண்டும் மறுபடி பிரெஞ்சுக் கைக்கு வந்தன. புதுச்சேரி வரலாற்றைப் படித்தவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் ஆண்டுகள்தான் சேன் பியேரின் ஆண்டுகளும். லண்டனிலும் பாரிஸிலும் எழுதப்பட்ட ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு வரிகளாகத்தான் இரு ஊர்களும் இருந்தன.

ஆனால் சேன் பியேரிலும் மிக்லோனிலும் கைமாற்றம் என்றால் கொடி மாறுவதோடு நிற்கவில்லை. ஆட்களையே தூக்கிக் கப்பலில் ஏற்றினார்கள். 1755 முதல் ஆங்கிலேயர் தங்கள் சொந்த மண்ணிலிருந்து துரத்திய அக்காடியர்கள், அதாவது இன்றைய நோவா ஸ்கோஷியாப் பகுதியின் பிரெஞ்சுக் குடியானவர்கள், 1763-க்குப் பிறகு மிக்லோனில் அடைக்கலம் தேடி வந்தார்கள். 1767-ல் பிரெஞ்சு மன்னரே, சின்னத் தீவில் ஆள் அதிகமாகிவிட்டது என்று அவர்களைப் பிரான்ஸுக்குப் போகச் சொன்னார். மறு ஆண்டு திரும்பலாம் என்றார். 1778-ல் ஆங்கிலேயர் வீடுகளை எரித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை நாடு கடத்தினார்கள். 1783-ல் திரும்பி வந்தவர்கள் 1793-க்குப் பிறகு மறுபடி துரத்தப்பட்டார்கள். ஒரே தலைமுறைக்குள் இத்தனை முறை வீட்டைக் கட்டி, இழந்து, மறுபடி வந்து அதே காற்றடிக்கும் கரையில் கட்டியவர்களின் பிள்ளைகள்தான் இன்றைய மிக்லோன்காரர்கள்.

கருவாடும் கள்ளச் சாராயமும்

1816-க்குப் பிறகு ஒரு நூற்றாண்டு மீனுக்கே உரியது. சேன் மாலோ, ஃபெகாம்ப், கிரான்வில் துறைமுகங்களிலிருந்து வசந்த காலத்தில் பாய்மரக் கப்பல்கள் கிளம்பும். காட் மீனைப் பிடித்து, பிளந்து, உப்புப் போட்டுக் கொண்டுவந்து சேன் பியேரில் இறக்குவார்கள். அங்கே கடற்கரையில் கூழாங்கல் பரப்பி வைத்த களங்கள் இருந்தன. மீனைக் கழுவிக் கல்லின்மேல் விரித்து, புரட்டிப் போட்டு, மழை வருமுன் அள்ளிக் குவித்து, மறுபடி விரித்துக் காயவைக்க வேண்டும். கருவாடு போடும் கடற்கரை ஊர்க்காரர்கள் யாருக்கும் விளக்கத் தேவையில்லாத வேலை. இங்கே அதைச் செய்தவர்களில் பலர் பிரெத்தான்யாவின் ஏழைக் குடும்பங்களிலிருந்து ஒப்பந்தத்தில் கூட்டிவரப்பட்ட பதின்வயதுப் பையன்கள். குளிர்ந்த நீரிலும் உப்பிலும் நாள் முழுக்கக் குனிந்தே நிற்க வேண்டும். பிரெஞ்சு மீன்பிடியின் பெருமையைப் பேசும்போது அந்தப் பையன்களின் முதுகையும் கையையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் கருத்து.

சேன் பியேர் துறைமுக வாயிலில் ஈல் ஓ மரேன், 'மாலுமிகள் தீவு', என்று ஒரு சின்னத் திட்டு உண்டு. நூற்றுக்கணக்கான மீனவர்கள் வாழ்ந்த ஊர் அது. 1960-களில் கடைசிக் குடும்பங்களும் கிளம்பிவிட்டன. தேவாலயம், பள்ளிக்கூடம், சில வீடுகள், மீன் காய்ந்த கற்களங்கள் இன்னும் இருக்கின்றன.

அந்தத் திட்டில்தான் 1888 டிசம்பர் கடைசி நாளில் குடிபோதையில் ஒரு கொலை நடந்தது. குற்றவாளி ஒகுஸ்த் நெயேலுக்கு மரண தண்டனை. பிரெஞ்சுச் சட்டப்படி தலைவெட்டும் இயந்திரமான கில்லட்டினால்தான் நிறைவேற்ற வேண்டும். தீவில் கில்லட்டின் இல்லை. வேறு வழியிலும் செய்யக் கூடாது. கடைசியில் கரீபியத் தீவான மார்த்தினிக்கிலிருந்து பழைய இயந்திரம் ஒன்று கப்பலில் வந்தது. அதை இயக்க ஆள் கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. 1889 ஆகஸ்ட் 24 அன்று தண்டனை நிறைவேறியது. கரீபியத் தீவுகளை விட்டுவிட்டால், வட அமெரிக்காவில் கில்லட்டின் பயன்பட்ட ஒரே சம்பவம் அதுதான். அந்த இயந்திரம் இப்போது சேன் பியேர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாரிஸின் சட்டம் எத்தனை தூரத்திலும் எழுத்துப் பிசகாமல் நடக்க வேண்டும் என்ற பிடிவாதத்துக்கு இதைவிடக் கொடுமையான சான்று வேண்டியதில்லை.

1904-ல் பிரிட்டனோடு செய்த நட்பு ஒப்பந்தத்தில், நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் இறங்கி மீன் காயவைக்கும் பழைய உரிமையைப் பிரான்ஸ் விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு வேறு கண்டங்களில் அதற்குச் சலுகைகள் கிடைத்தன. சேன் பியேருக்கு அடி விழுந்தது. 1902-ல் சுமார் 6,500 ஆக இருந்த மக்கள்தொகை, 1921-ல் 4,000-க்குக் கீழே போய்விட்டது.

அந்த வறட்சியில் எதிர்பாராத மழையாக வந்தது அமெரிக்க மதுவிலக்கு. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மது விற்பது குற்றம். சேன் பியேரிலோ அது பிரெஞ்சுச் சட்டப்படி நேர்மையான வியாபாரம். கனடா விஸ்கி, பிரெஞ்சு ஷாம்பெயின், கரீபிய ரம் எல்லாம் சட்டப்படி வந்து இறங்கின, வரி கட்டின, பிறகு இரவில் அமெரிக்கக் கரைக்குக் கிளம்பின. லட்சக்கணக்கான பெட்டிகள் கைமாறின. மீன் காய்ந்த கிடங்குகளெல்லாம் மதுக் கிடங்குகளாயின. அமெரிக்கக் கடத்தல் கும்பல் தலைவன் அல் கபோன்கூட வந்து போனதாக ஊரில் பேச்சு உண்டு. மரப்பெட்டி இடமும் அடைக்கும், சத்தமும் போடும் என்பதால் பாட்டில்களைச் சணல் பைகளில் மாற்றிக் கட்டினார்கள். மிஞ்சிய பெட்டிப் பலகைகளால் ஊரில் சுவர் எழுப்பினார்கள், கொட்டகை போட்டார்கள், அடுப்பெரித்தார்கள். 'கட்டி சார்க்' என்ற விஸ்கியின் பெட்டிகளால் கட்டியதால் அதே பெயர் பெற்ற வீடு ஒன்றும் உண்டு. 1933-ல் மதுவிலக்கு நீங்கியதும் ஒரே குளிர்காலத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அதற்குள் படகையும் வலையையும் விட்டுவிட்டிருந்த பலருக்குத் திரும்பிப் போக வழி தெரியவில்லை.

அவர்களைக் கேட்ட ஒரு நாள்

1940-ல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்தது. தீவுகளின் நிர்வாகி, ஜெர்மனியோடு ஒத்துப்போன விஷி அரசின் பக்கம் நின்றார். இங்கிருந்த வானொலி நிலையம் ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு உதவுமோ என்று கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் கவலை. ஆனால் ஜெர்மனியை எதிர்த்துப் போரைத் தொடர்ந்த தளபதி டி கோலின் சுதந்திரப் பிரெஞ்சுப் படை போய்ப் பிடிப்பதில் வாஷிங்டனுக்கு விருப்பமில்லை.

அதையும் மீறி 1941 டிசம்பர் 24 விடியலில் டி கோலின் கடற்படைத் தளபதியான வைஸ் அட்மிரல் முசெலியே மூன்று போர்க்கப்பல்களோடும் சுர்கூஃப் என்ற பெரிய நீர்மூழ்கியோடும் வந்து இறங்கினார். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. மறுநாள், கிறிஸ்துமஸ் அன்று, வாக்கெடுப்பு. 98 சதவீதத்துக்கு மேல் சுதந்திரப் பிரான்ஸுக்கு ஆதரவு. அமெரிக்க வெளியுறவுச் செயலர் கார்டெல் ஹல் கோபத்தில் 'சுதந்திரப் பிரெஞ்சுக்காரர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள்' என்று அறிக்கை விட்டு, சொந்த நாட்டுப் பத்திரிகைகளிடமே வாங்கிக்கட்டிக்கொண்டார். (புதுச்சேரி ஆளுநர் போன்வேன் 1940 செப்டம்பரிலேயே டி கோல் பக்கம் சேர்ந்துவிட்டிருந்தார்.)

வாக்களித்ததோடு முடிந்துவிடவில்லை. இளைஞர்கள் பலர் அதே கப்பல்களில் சேர்ந்தார்கள். வந்த மூன்றில் அலீஸ் 1942 பிப்ரவரியிலும் மிமோசா அந்த ஜூனிலும் ஜெர்மன் நீர்மூழ்கித் தாக்குதலில் மூழ்கின. மிமோசாவில் செத்தவர்களில் பலர் சேன் பியேர்ப் பையன்கள். இவ்வளவு சின்ன ஊரில் அது எத்தனை வீடுகளைத் தொட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

யார் ஆள்கிறார்கள்

1946-ல் தீவுகள் கடல்கடந்த பிரதேசம் என்ற தகுதி பெற்றன. 1976-ல் உள்ளூர்ப் பிரதிநிதிகளின் எதிர்ப்பையும் மீறிப் பாரிஸ் அவற்றைப் பிரான்ஸின் ஒரு மாவட்டம்போலவே, முழு 'தெபார்த்மாங்' ஆக ஆக்கியது. காகிதத்தில் அது பதவி உயர்வு. நடைமுறையில் ஐரோப்பியப் பொதுச் சந்தையின் சுங்க விதிகள் அத்தனையும் வந்து இறங்கின. காய்கறி முதல் கட்டுமானப் பொருள் வரை கனடாவிலிருந்து வரும் ஊருக்கு, ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவதன்மேல் வரி என்றால் என்ன ஆகும்? ஒன்பது ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1985 ஜூனில் தனிச் சட்டம் போட்டு அதை மாற்றினார்கள். 2003 அரசியலமைப்புத் திருத்தத்திலிருந்து 'கடல்கடந்த ஆட்சிப்பகுதி' என்பது அதன் தகுதி.

இன்றைய ஏற்பாட்டை இப்படிப் புரிந்துகொள்ளலாம். பாரிஸ் அனுப்பும் பிரிஃபெக்ட் அரசின் பிரதிநிதி. காவல், நீதி, பாதுகாப்பு, வெளியுறவு எல்லாம் அவர் வழியாகப் பாரிஸின் பொறுப்பு. உள்ளூர் மக்கள் ஆறாண்டுக்கு ஒருமுறை 19 பேர் கொண்ட ஆட்சி மன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வரி, சுங்கம், நகரமைப்பு, வீட்டுவசதி ஆகியவை மன்றத்தின் கையில். நம் ஊர் மாநிலச் சட்டமன்றத்தோடு ஒப்பிட்டால் சட்டமியற்றும் அதிகாரம் குறைவுதான். ஆனால் ஒரு நகராட்சிக்கு இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். சுங்க வரியை ஊரே தீர்மானிப்பது சின்ன விஷயம் இல்லை.

19 இடங்களில் 15 சேன் பியேருக்கு, 4 மிக்லோன் - லாங்லாட்டுக்கு. பத்தில் ஒரு பங்கு மக்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு இடம். வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது, சரியானதும்கூட. இல்லாவிட்டால் மிக்லோனின் குரல் துறைமுக நகரத்தின் இரைச்சலில் கேட்காது. இவற்றைத் தவிர இரண்டு நகராட்சிகள், இரண்டு மேயர்கள். பாரிஸ் நாடாளுமன்றத்தில் ஒரு கீழவை உறுப்பினர், ஒரு செனட்டர். இந்த ஊரிலிருந்து போன அனிக் ஜிரார்தேன் பிரான்ஸின் கடல்கடந்த பகுதிகள் துறை அமைச்சராகவும் பிறகு கடல்துறை அமைச்சராகவும் இருந்தார். 2023-ல் செனட்டரானார்.

தீவுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனால் மக்கள் ஐரோப்பியக் குடிமக்கள், நாணயம் யூரோ. அதிபர் தேர்தலில் அமெரிக்கக் கண்டப் பக்கத்துப் பிரெஞ்சுப் பகுதிகள் ஒரு நாள் முன்னதாக, சனிக்கிழமையே, வாக்களிக்கின்றன. பாரிஸ் முடிவு தெரிந்த பிறகு வாக்களிக்கும் அவமானம் வேண்டாம் என்று செய்த மாற்றம் அது. அதனால் பிரான்ஸின் முதல் வாக்கே பெரும்பாலும் சேன் பியேரில்தான் விழுகிறது.

தங்களைப் பாரிஸ் எப்படிப் பார்க்கிறது என்பதில் ஊர்க்காரர்களுக்குப் பழைய வலி உண்டு. 2025 ஏப்ரலில் வலதுசாரித் தலைவர் லோரான் வோக்கியே, நாட்டைவிட்டு வெளியேற்ற உத்தரவிடப்பட்ட ஆபத்தான வெளிநாட்டவரைச் சேன் பியேரில் கொண்டுபோய் அடைக்கலாம் என்றார். அங்கே சராசரி வெப்பம் 5 டிகிரி, ஆண்டில் 146 நாள் மழையும் பனியும், எல்லோரும் யோசிப்பார்கள் என்று விளக்கமும் சொன்னார். ஆட்சி மன்றத் தலைவர் பெர்னார் பிரியான் முதல் கடல்கடந்த பகுதிகள் அமைச்சர் மானுவேல் வால்ஸ் வரை கண்டித்தார்கள். பிள்ளை குட்டிகளோடு ஆறாயிரம் பேர் வாழும் ஊரைத் தண்டனை என்று சொல்லிக் காட்டுவதைவிட மோசமான பேச்சு இருக்க முடியாது.

பாகெட் வடிவக் கடல்

இப்போது விஷயத்தின் நடுவுக்கு வருவோம். 1970-களில் உலக நாடுகள் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை தங்கள் பொருளாதார மண்டலம் என்று அறிவிக்கத் தொடங்கின. கனடாவும் அறிவித்தது, பிரான்ஸும் சேன் பியேரைச் சுற்றி அறிவித்தது. இடைவெளியோ 25 கிலோமீட்டர். இருவரின் கோரிக்கையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது. அந்த இழுபறியில் 1988-ல் குருவா த லொரேன் என்ற மீன்பிடிக் கப்பலைக் கனடா சிறைப்பிடித்தபோது, எதிர்ப்புக் காட்டுவதற்காக அதில் ஏறியிருந்த தீவின் மக்கள் பிரதிநிதிகளும் கைதானார்கள்.

கடைசியில் இரு நாடுகளும் நடுவர் மன்றத்துக்குப் போயின. 1992 ஜூன் 10 அன்று நியூயார்க்கில் தீர்ப்பு. ஐந்து நடுவர்களில் பிரெஞ்சுக்காரரும் கனடியரும் ஆளுக்கொரு காரணம் சொல்லி உடன்படவில்லை. மற்ற மூவரும் தந்த வடிவம் இதுதான்: தீவுகளுக்கு மேற்கே 24 கடல் மைல் அகலத்தில் ஒரு பட்டை. தெற்கே பத்தரை கடல் மைல் அகலத்தில் 200 மைல் தூரம் வரை போகும் ஒரு நீள நடைபாதை. வரைபடத்தில் பார்த்தால் நீளமான பிரெஞ்சு ரொட்டி மாதிரி இருக்கிறது. ஊரில் அதை 'பாகெட்' என்றே சொல்கிறார்கள். மொத்தம் சுமார் 12,400 சதுர கிலோமீட்டர். பிரான்ஸ் கேட்டதில் ஏறக்குறைய கால்வாசி. இரு பக்கமும் கனடாவின் கடல்.

மீனுக்கு எல்லை தெரியாது. பத்தரை மைல் அகலத்தில் ஒரு மீன் கூட்டத்தைத் தொடர்ந்து போய்ப் பிடிக்க முடியாது. சட்ட அறிஞர்களுக்கு இந்தத் தீர்ப்பு சமரசமாகத் தெரியலாம். கடலை நம்பிய ஊருக்கு அது வாசலோடு நின்றுபோன வீடு. ஆறாவது பிரிவு 1763-ல் இந்த நிலத்தைக் கொடுத்ததே மீனுக்காக. 1992-ல் நிலம் அப்படியே இருந்தது, மீன்தான் போய்விட்டது.

அதோடு நிற்கவில்லை. தீர்ப்பு வந்து மூன்று வாரத்தில், ஜூலை 2 அன்று, நியூஃபவுண்ட்லாந்தின் வடக்கு காட் மீன்பிடியைக் கனடா மூடியது. பல பத்தாண்டுகளாக எல்லா நாட்டு இழுவைக் கப்பல்களும் வாரிச் சுருட்டியதில் மீன் அற்றுப்போயிருந்தது. அடுத்த ஆண்டு சேன் பியேரை ஒட்டிய தென்பகுதியும் மூடப்பட்டது. இழுவைக் கப்பல்கள் நின்றன, உறைபதன ஆலைகளில் வேலை போனது. 1994-ல் கனடாவோடு செய்த உடன்பாட்டின்படி, அந்தத் தென்பகுதியில் பிடிக்க அனுமதிக்கப்படும் காட் மீனில் 15.6 சதவீதம் பிரான்ஸின் பங்கு. இன்று பனி நண்டு, சிங்கி இறால், கடல் அட்டை, ஹாலிபட் என்று கொஞ்சம் பிடிக்கிறார்கள். ஹாலிபட்டில் யாருக்கு எவ்வளவு என்று கனடாவோடு மறுபடி ஒரு சண்டை நடந்து ஓய்ந்திருக்கிறது.

கடலடி நிலத்துக்கும் உரிமை கேட்டு 2014-ல் பிரான்ஸ் ஐ.நா. ஆணையத்தில் மனுப் போட்டது. கனடா எதிர்க்கிறது.

இப்போது எதை வைத்துப் பிழைக்கிறார்கள்

நேராகச் சொன்னால், அரசை வைத்துத்தான். பள்ளி, மருத்துவமனை, பிரிஃபெக்ட் அலுவலகம், ஆட்சி மன்றம், காவல், துறைமுகம், வானொலி என்று அரசு வேலையும் அரசுப் பணமும்தான் ஊரை நிறுத்தி வைத்திருக்கின்றன. 1999-ல் திறந்த புதிய விமான நிலையம் பெரிய செலவு. 2018 முதல் கோடையில் பாரிஸுக்கு நேர் விமானம் இருக்கிறது. மற்ற நாள்களில் மாண்ட்ரியல், ஹாலிஃபாக்ஸ், சேன்ட் ஜான்ஸ் வழியாகத்தான் போக வேண்டும். பெரிய சிகிச்சை என்றால் நோயாளியையும் அந்த வழியில்தான் அனுப்புகிறார்கள். சுற்றுலா, பிரெஞ்சு கற்க வரும் கனடிய மாணவர்கள், சேகரிப்பாளர்களுக்கு விற்கும் சொந்த அஞ்சல் தலைகள் ஆகியவை கொஞ்சம் கொடுக்கின்றன.

இதைப் பார்த்து 'பாரிஸ் பணத்தில் வாழும் தீவு' என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மீன்பிடியை அவர்களாக விடவில்லை. எல்லையை அவர்கள் வரையவில்லை. கடலை வெறுமையாக்கிய பெரிய கப்பல்களில் பெரும்பாலானவை அவர்களுடையவை இல்லை.

ஊரின் கொடியில் நீலக் கடலில் கார்த்தியேயின் கப்பல் போகிறது. ஓரத்தில் பாஸ்க், பிரெத்தோன், நார்மன் சின்னங்கள் மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக. சேன் பியேரின் நடுவே பாஸ்க் பந்தாட்டச் சுவர் ஒன்று 1906-லிருந்து நிற்கிறது, இன்றும் ஆடுகிறார்கள். பனிக்கால மாலையில் அதே பிள்ளைகள் கனடியர்போல ஐஸ் ஹாக்கி ஆடப் போவார்கள். பேச்சு, ரொட்டி, பாடத்திட்டம், தேர்வு எல்லாம் பிரான்ஸ்தான். பள்ளி முடித்ததும் மேற்படிப்புக்குப் பிரான்ஸுக்கோ கனடாவுக்கோ போகிறார்கள். எல்லோரும் திரும்புவதில்லை. மக்கள்தொகை மெதுவாகக் குறைந்துகொண்டே வருவதற்கு முக்கியக் காரணம் அது.

மிக்லோன் இடம் மாறுகிறது

மிக்லோன் கிராமம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய இரண்டே மீட்டர் உயரத்தில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் நீர்நிலையுமாக இருக்கும் தாழ்ந்த நிலத்தில் இருக்கிறது. கூழாங்கல் கரைதான் தடுப்பு. புயல்களில் அலை அதைத் தாண்டி வருகிறது, கடல் மட்டமும் உயர்கிறது. 2014 டிசம்பரில் அதிபர் ஒல்லாந்து வந்தபோதே இந்த ஆபத்து பேசப்பட்டது. 2018-ல் வந்த கடலோர அபாயத் திட்டம் கிராமத்தின் பெரும்பகுதியில் புது வீடு கட்டுவதற்குக் கடுமையான தடை போட்டது. முதலில் ஊர் கொதித்தது. தாத்தா பாட்டி கட்டிய வீட்டுக்குப் பக்கத்தில் பிள்ளைக்கு வீடு கட்டக் கூடாதா என்ற கோபம் நியாயமானதுதானே.

மனம் மாறப் பல ஆண்டுகள் ஆயின. 2022 செப்டம்பரில் ஃபியோனா புயல் நியூஃபவுண்ட்லாந்தின் போர்ட் ஓ பாஸ்க் ஊரில் கடலோர வீடுகளைத் தூக்கிக்கொண்டு போனதை மிக்லோனில் எல்லோரும் பார்த்தார்கள். அது அடுத்த கரை. இப்போது சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, உயரமான இடத்தில், புதிய கிராமத்துக்கு வேலை தொடங்கியிருக்கிறது. தட்பவெப்ப மாற்றத்தால் ஒரு கிராமமே இடம் மாறுவதில் பிரான்ஸுக்கு இது முன்னோடி. விரும்பியவர்கள் தங்கள் வீட்டை அரசிடம் கொடுத்து, அந்தத் தொகையைக் கொண்டு மேலே கட்டிக்கொள்ளலாம். விரும்பாதவர்களை வலிந்து எழுப்புவதில்லை. எந்த இடம், தெரு எப்படி, கடல் தெரிய வேண்டுமா என்பதையெல்லாம் ஊர்க் கூட்டங்களில் பேசினார்கள். மூன்று முறை பிறரால் துரத்தப்பட்ட ஊர், இந்த முறை எங்கே போவது என்று தானே உட்கார்ந்து பேசியிருக்கிறது.

எல்லோருக்கும் அதில் சம்மதம் என்று சொல்ல முடியாது. வீட்டுக்குக் கிடைக்கும் தொகையில் மேலே அதே அளவு வீடு கட்ட முடியுமா, பொருளெல்லாம் கப்பலில் வரும் ஊரில் கட்டுமானச் செலவு எங்கே போய் நிற்கும், பாதிப் பேர் மேலேயும் பாதிப் பேர் கீழேயுமாக இருந்தால் பள்ளியையும் கடையையும் எங்கே வைப்பது, படகை எங்கே கட்டுவது என்று கேள்விகள் இருக்கின்றன. வயதானவர்களில் சிலர் கீழேயே இருந்துவிடுவதாகச் சொல்கிறார்கள். இளம் குடும்பங்கள் மனை கேட்டுப் பதிந்துகொள்கிறார்கள்.